குறைச்சு வெச்ச வெளிச்சம்

ஏனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. அந்தக் குட்டி டார்ச்ச ஒண்ணு அணைச்சிருங்க, இல்லாட்டி வெளிச்சத்த நல்லா எச்சா வெச்சிருங்க. ஆமாங்க, அந்தப் பொத்தானையே அமுக்கிப் புடிச்சீங்கன்னா ஏறும். இன்னும் கொஞ்சம். ஆங், இப்பச் சரி. இப்பத் தேடுங்க. தோட்டுத் திருகாணிதானே, எங்க போயிரும், சீட்டுக் கம்பியோரந்தான் கெடக்கும். செத்த நேரம் காலத் தூக்குங்க. இதா பாருங்க.

இருக்கட்டுங்க, நன்றியெல்லாம் எதுக்கு. என்ற கண்ணுக்கு இது பழக்கந்தான்.

எதுக்கு எச்சா வெக்கச் சொன்னேன்னு பாக்கறீங்களா? கம்மியா வெச்சா அந்த வெளிச்சம் துடிக்குதுங்க. நாம என்ன நெனைக்கறோம், கம்மி பண்ணுனா விளக்குத் திரிய எறக்குன மாதிரி வெளிச்சம் எறங்குதுன்னு. அப்படியில்லீங்க. அது எரியுது, அணையுது, எரியுது, அணையுது. ஒரு நொடிக்கு நூறு தடவைக்கு மேல. அந்த வேகத்துல நம்ம கண்ணு ஏமாந்து போயி, கம்மியா எரியுதுன்னு நெனைச்சுக்குது. ஃபுல்லா வெச்சா அணையறதே இல்ல. எல்லா டார்ச்சும் அப்படின்னு சொல்ல மாட்டேன். இந்த ஜோப்புல போடற சின்ன டார்ச்சுகள்ல முக்காவாசி அப்படித்தான்.

எனக்கு அது தெரியுமுங்க. பொறந்ததுலருந்தே அப்படி. டியூப் லைட்டு சாகப் போறது எனக்கு ஒரு வாரம் முந்தியே தெரிஞ்சுரும். எங்க ஊட்டுக்காரரு கூட மொதல்ல சிரிப்பாரு, பொறகு லைட்டு போனதுக்கப்புறம் சிரிக்க மாட்டாரு.

ஈரோட்டுக்குத்தானுங்களே போறீங்க? நானும் அங்கதான். இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது. சொல்றேன், கேளுங்க.

நான் பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில ஸ்டோரு பாத்துக்கறேன். பத்தொம்பது வருசமாச்சு. நட்டு, போல்ட்டு, பேரிங்கு, கையுறை, எதுவா இருந்தாலும் என்ற கையத் தாண்டித்தான் வெளிய போகோணும். கலாமணியக்கா கையெழுத்தில்லாம அங்க ஒரு வாஷர் நகராதும்பாங்க. பெருமைக்குச் சொல்லலீங்க. அப்படித்தான் பேரு.

போன சித்திரையில இந்த டார்ச்சு இருபது வந்து எறங்குச்சு. பேனா மாதிரி ஜோப்புல குத்திக்கலாம். சார்ஜ் போட்டுக்கலாம். எச்சு கம்மி பண்ணிக்கலாம். மேனேஜரு தேடிப் புடிச்சு வாங்குனது. நான் ஒண்ண எடுத்து, கம்மியா வெச்சு, ராக்குக்கு அடியில எண்ணிக்கை பாக்கலாம்னு அடிச்சேன். கையில இருந்த இரும்பு ஸ்கேலு ஒண்ணு நாலாத் தெரிஞ்சுது. கைய வீசுனா விரலு வரிசையா நிக்குது. ஒரு நட்டத் தவற விட்டேன் பாருங்க, அது விழுகற வழி பூரா மணி கோத்த மாதிரி பத்து நட்டு. அன்னிக்குப் பொழுதோட மண்டை இடி தாங்கல.

நான் சொன்னனுங்க. மொத மொதல்ல சொன்னது நான்தான். இத எந்தக் கோயில்லயும் சூடம் அணைச்சுச் சொல்லுவேன். நேரா மேனேஜரு ரூமுக்கே போனேன்.

"சார், இந்த டார்ச்சு துடிக்குதுங்க சார்."

அவரு ஒண்ண எடுத்தாரு, செவுத்துல அடிச்சாரு. "நல்லாத்தானே எரியுது?"

"கம்மி பண்ணிப் பாருங்க சார். கைய ஆட்டிப் பாருங்க."

ஆட்டுனாரு. ஆட்டிப்போட்டு என்னையப் பாத்தாரு. "உங்களுக்கு என்ன வயசாகுதுங்கம்மா?"

"அம்பத்தொண்ணுங்க சார்."

"பிரஷர் பாத்தீங்களா?"

அங்க இன்னும் ரெண்டு பேரு உக்காந்திருந்தாங்க. சிரிச்சுட்டாங்க. நானும் அந்த வாரமே போயிப் பிரஷர் பாத்தேன். சரியா இருந்துச்சு. கண்ணுக்குப் பாத்தேன். கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி போடுங்கன்னாங்க. துடிக்கறதப் பத்தி அந்த டாக்டரம்மாகிட்டயும் சொன்னேன். "அதெல்லாம் நெனைச்சுக்காதீங்க"ன்னுச்சு. நெனைச்சா வருது? கண்ணுல தெரியறதுங்க!

அதோட வாயக் கட்டிக்கிட்டேன். நாம சொன்னா அதுக்கு அந்த மரியாதை. நமக்கும் ரோசம் இருக்குதில்லீங்களா? பட்டாத்தான் தெரியும்னு விட்டுட்டேன்.

அப்பறம் வேற ஒரு ரோதனை. சார்ஜ் போடற பலகை என்ற ஸ்டோருல மட்டுந்தான். நாலே நாலு ஓட்டை. இருபது பேரும் ஃபுல்லா எரிய உட்டுப்போட்டு ரெண்டு நாளைக்கொருக்கா வந்து நிப்பாங்க. அக்கா சார்ஜு, அக்கா சார்ஜுன்னு. நான் கணக்குப் பாப்பனா, இவனுகளுக்குச் சார்ஜ் போடுவனா? ஒரு அட்டையில எழுதி வாசல்ல ஒட்டிப்போட்டேன். "டார்ச்சைக் குறைந்த வெளிச்சத்திலேயே பயன்படுத்தவும். சார்ஜ் நீடிக்கும். இப்படிக்கு ஸ்டோர்." செவப்பு மையில கோடு போட்டு எழுதுனது. என்ற கையெழுத்து நல்லா இருக்குமுங்க. அப்பறம் வாரத்துக்கு ஒருக்கா வந்தாப் போதுமுன்னு ஆயிருச்சு. எல்லாருக்கும் வேலை மிச்சந்தானுங்களே.

அதையும் ஒருத்தரும் அன்னாடம் ஒழுங்காக் கேக்கலைன்னு வெய்யுங்க. கேட்டவன் ஒருத்தந்தான். சென்னியப்பன்னு பேரு. ஃபிட்டரு. முப்பத்தாறு வயசு. தங்கமான பையன். எதையும் ஒரு தடவ சொன்னாப் போதும். கையுறை கிழிஞ்சாக் கிழிஞ்சதக் கொண்டாந்து குடுத்துத்தான் புதுசு வாங்குவான். அட்டையில எழுதியிருக்குதுன்னா அவனுக்கு அது வேதவாக்கு. நான் பாத்திருக்கறேன், வாங்குனதும் அங்கயே நின்னு வெளிச்சத்த எறக்கி வெச்சுட்டுத்தான் ஜோப்புல குத்துவான்.

ஒரு நா அவனே வந்தான். "ஏனுங்கக்கா, ஒரு அதிசயம் பாத்தனுங்க. குழாயில தண்ணி சொட்டுதில்ல, அதுல இந்த லைட்ட அடிச்சா சொட்டு அந்தரத்துல நிக்குதுங்க்கா."

எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுங்களா? அந்தக் கம்பெனியில என்னைய மாதிரி ஒரு கண்ணு இருக்குதேன்னு இருந்துச்சு. "நான் அன்னிக்கே மேனேஜருகிட்டச் சொல்லீட்டேன் தம்பி. எனக்குப் பிரஷருன்னாரு. நீயும் போயிச் சொல்லு, உனக்குச் சுகருன்னுவாரு"ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அவன் போயிட்டான்.

தண்ணிச் சொட்டு நின்னுச்சுன்னா அதுல என்னங்க இருக்குது? சொட்டுதானே.

ஆவணி கடைசியில ஒரு வியாழக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச கையோட. கழிவுத் தண்ணி பம்பு ரூமு கீழ இருக்குது, படி எறங்கிப் போகோணும். ஆறு பம்பு வரிசையா. கழிவுத் தண்ணியோட உப்புக் காத்துல அங்க ஒரு டியூப் லைட்டும் நிக்காது. நடுப்பக்கம் பட்டப்பகல்லயே இருட்டு. நாலாம் நம்பரு பம்ப அன்னிக்கு வேலைக்காக நிறுத்தியிருந்தாங்க. சென்னியப்பன் எறங்கிப் போயி மூணாம் நம்பருகிட்டக் குனிஞ்சிருக்கறான். நம்பரு எழுதுன பெயிண்டெல்லாம் என்னைக்கோ உரிஞ்சு போச்சு. மோட்டாரையும் பம்பையும் சேக்கற உருளை இருக்குது பாருங்க, அதுக்கு மேல ஒரு தகர மூடி இருக்கோணும். அதக் கழட்டி ஒரு வாரமாச் செவுத்தோரம் சாத்தியிருந்துச்சு. சுத்தியும் அஞ்சு மோட்டாரு கத்துது. எது ஓடுது, எது ஓடலைன்னு காது சொல்லாது.

டார்ச்ச எடுத்து அடிச்சுப் பாத்திருக்கறான். அவசரமாக் கைய விடற ஆளே இல்லீங்க அவன். பாத்திருக்கறான். உருளை நிக்குது. ஆறு போல்ட்டும் தெளிவாத் தெரியுது, ஒவ்வொண்ணா எண்ணலாமாட்ட. சரி, நின்ன பம்புதான்னு போல்ட்டு லூசா இருக்குதான்னு தொட்டுப் பாக்கக் கையக் கொண்டு போயிருக்கறான்.

வலது கை. மூணு விரலு. பெருவிரலும் சுண்டு விரலுந்தான் மிச்சம்.

நான் சத்தம் கேட்டு ஓடுனேன். அவன் படியில உக்காந்திருந்தான், துணியச் சுத்திக்கிட்டு. அழுகலீங்க. "நின்னுட்டு இருந்துச்சுங்க்கா, நின்னுட்டுத்தான் இருந்துச்சு"ன்னு அதையே சொல்லிட்டு இருந்தான். எனக்கு அந்த நிமிசமே வெளங்கிருச்சு. அந்த உருளை சுத்தி அடுத்த போல்ட்டு அதே எடத்துக்கு வர்ற நேரமும், வெளிச்சம் அணைஞ்சு எரியற நேரமும் ஒண்ணாயிருச்சு. எரியறப்பெல்லாம் போல்ட்டு அதே எடத்துல இருந்திருக்குது. நடுவுல ஓடுனதெல்லாம் இருட்டுல ஓடிருச்சு.

கம்பெனியில மறுநாளே பம்பு ரூமு பூரா புது லைட்டு போட்டாங்க. மூடிய மாட்டுனாங்க. நம்பரு எழுதுனாங்க. நானும் ஸ்டோர ஒதுங்க வெச்சேன். வாசல்ல இருந்த அட்டை ஓரமெல்லாம் பழுப்பேறிப் போயிருந்துச்சு, கழட்டிட்டேன். தூக்கிப் போடவும் மனசு வரல, ஊட்டுல பீரோ மேல கெடக்குது. ஆபீசரு வர்ற நேரத்துல ஸ்டோரு பாக்க லட்சணமா இருக்கோணுமில்லீங்களா?

விசாரிக்க அரசாங்கத்துலருந்து ஒரு ஆபீசரு வந்தாரு. நல்ல மனுசன்தான், குத்தம் சொல்ல மாட்டேன். நான் போயிக் கும்புட்டு நின்னேன். "சார், கவனமில்லாமக் கைய விடலீங்க சார், வெளிச்சந்தான் ஏமாத்திருச்சு, நான் காட்டறேன்"னேன். "சரி, காட்டுங்கம்மா"ன்னாரு.

கீழ போனோம். புது லைட்டு பளபளன்னு எரியுது. லைட்ட அணைங்கன்னேன். மேனேஜரு, "ஆளுக உள்ள இருக்கறப்ப அணைக்கறது ஆபத்துங்க சார், ரூல்ல எடமில்லை"ன்னாரு. கேட்டீங்களா கதைய? இத்தன நாளா இருட்டுல விட்டவருக்கு அன்னிக்கு ரூலு ஞாபகம் வந்துருச்சு. ஆபீசரே பரவால்லைன்னு சொல்லி அந்தப் பம்புக்கு மேல இருந்த லைட்ட மட்டும் அணைக்கச் சொன்னாரு. மூடியக் கழட்டுனாங்க. நான் டார்ச்சக் கம்மியா வெச்சு அடிச்சேன்.

நிக்கலீங்க.

அன்னிக்குக் கரண்டு கொஞ்சம் எறங்கியிருந்துச்சோ என்னமோ, மோட்டாரு வேகம் ஒரு மயிரிழை மாறியிருந்துச்சோ என்னமோ. அந்தப் போல்ட்டுக பின்னுக்கு நகுந்துக்கிட்டே இருந்துச்சு. மெதுவா, எறும்பு ஊர்ற மாதிரி.

"சுத்துதுங்களே அம்மா"ன்னாரு ஆபீசரு.

"சார், பம்பு இத்தன மெதுவாவா சுத்தும்? பின்னாலயா சுத்தும்? நல்லாப் பாருங்க சார்!"

அவரு குனிஞ்சாரு. பாத்தாருங்க. கண்ணச் சுருக்கிட்டு நெம்ப நேரம் பாத்தாரு. அவருக்கும் ஏதோ தட்டுப்பட்ட மாதிரித்தான் இருந்துச்சு. அதுக்குள்ள மேனேஜரு என்ற கையிலருந்து டார்ச்ச வாங்கிப் பொத்தான அமுக்கி ஃபுல்லா வெச்சாரு. போல்ட்டெல்லாம் மறைஞ்சு உருளை ஒரே பொகையாட்டம் ஆயிருச்சு. "இப்பப் பாருங்க சார். ஓடறது கண்ணில்லாதவனுக்கும் தெரியும். இத்தன வெளிச்சம் குடுத்திருக்கறோம். அவனக் குறைச்சு வெச்சுக்கச் சொன்னது யாரு?"

அந்தாளு பேச்ச மாத்தறதுல கெட்டிக்காரரு. எதையோ பேசிட்டு இருக்கறப்ப எதையோ இழுப்பாரு. நான் செல்போன எடுத்து, டார்ச்சுக்கு நேராப் புடிச்சு, அதுல வரி வரியா ஓடறதக் காட்டுனேன். "செல்லுல டிவியப் புடிச்சாலும் வரி ஓடுமுங்க சார்"ன்னு அதையும் முடிச்சுட்டாரு.

போறப்ப ஆபீசரு என்னையத் தனியாக் கூப்புட்டாரு. "அம்மா, நீங்க சொல்றது பொய்யின்னு நான் சொல்லலை. ஆனா நான் பாத்ததத்தானே எழுத முடியும்? அந்தப் பையன் ஏன் குறைச்சு வெச்சான்னு ஒரு காரணம் இருந்தாக்கூட எழுதலாம். அவனும் சொல்ல மாட்டேங்கறான்"னாரு. நான் என்னத்தச் சொல்றது? தொழிலாளியோட கவனக்குறைவுன்னு எழுதிட்டாங்க. அதையே வெச்சுக் கம்பெனி அவன வேலைய விட்டும் எடுத்துருச்சு.

நான் அவன் ஊட்டுக்குப் போனேன். அந்தப் புள்ள, அவன் சம்சாரம் குணவதி, தண்ணி கொண்டாந்து வெச்சுச்சு. வாங்கன்னு கூடக் கேக்கலை. பாக்கறதே ஒரு மாதிரிப் பாத்துச்சு. புருசனுக்கு ஒண்ணுன்னா பொம்பளைகளுக்கு யாருமேல கோவப்படறதுன்னு தெரியாதுங்க. நாம பொறுத்துக்கோணும்.

அவன் ஃபேனப் பாத்துட்டே உக்காந்திருந்தான். ஃபேனு ஓடலை. "அக்கா, அது ஓடுதுங்களா?"ன்னான். "இல்லையேப்பா"ன்னேன். சுவிட்சப் போயிப் பாத்தான். வந்து உக்காந்தான். மறுக்காப் போயிப் பாத்தான்.

"நான் அவங்ககிட்ட எதுவும் சொல்லலீங்க்கா"ன்னான்.

"எதையப்பா?"

குணவதி உள்ளருந்து, "அவிய கேக்கறாங்கல்ல, சொல்லுங்க"ன்னுச்சு. அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். மருந்து மயக்கமா இருக்கும்னு நானும் மேக்கொண்டு கேக்கலீங்க. நான் அவனுக்கு எல்லாத்தையும் வெவரமா எடுத்துச் சொன்னேன். உன் மேல தப்பில்ல சாமி, உன் கண்ணு மேல தப்பில்ல, இப்படி எரிஞ்சு அணையறதால வந்ததுன்னு. நல்லாக் கேட்டுக்கிட்டான். கேட்டுப்போட்டு என்ன சொன்னாந் தெரியுங்களா? "அப்படீன்னா இனி எதையுமே நம்ப முடியாதுங்களேக்கா"ன்னான்.

நான் நல்லது பண்றதா நெனைச்சுப் போனேன். அதுக்கப்புறந்தான் அவனுக்கு எச்சா ஆயிருச்சுன்னு குணவதி யாருகிட்டயோ சொல்லுச்சாம். ரோட்டத் தாண்ட மாட்டேங்கறான். நிக்கற வண்டியப் பாத்தா அஞ்சு நிமிசம் நின்னு பாக்கறான். கெணத்து மோட்டாரு இருக்கற பக்கமே போறதில்ல.

வேலைய விட்டு எடுத்தது செல்லாதுன்னு லேபர் ஆபீசுக்கு எழுதிப் போட்டிருந்தோம். அதுக்கு இன்னிக்குப் பதினோரு மணிக்கு ஈரோட்டுல விசாரணை. அவன் நேருல வந்தாகோணும். நான் சாட்சி. டார்ச்சு இந்தப் பையில இருக்குது, ஃபுல் சார்ஜ் போட்டு வெச்சிருக்கறேன். இன்னிக்கு எப்படியாச்சும் காட்டிரோணும்னு ரெண்டு நாளாத் தூக்கமில்லை. அங்க அந்த உருளைக்கு எங்க போறது? ஃபேனு இருக்கும். ஃபேனு நிக்கோணுமே. நிக்குமோ என்னமோ.

காலையில ஊட்டுக்கே போயி அவனக் கூட்டிட்டு ஸ்டாப்புக்கு வந்தேன். குணவதி வெளுத்த சட்டை போட்டு, தலை சீவி விட்டு அனுப்புச்சு. வர்ற வழியெல்லாம் நல்லாத்தான் பேசுனான். புள்ளைக்கு எடது கையில எழுதிக் காட்டறேன்னு சொன்னான். பஸ்ஸும் வந்துச்சு. இந்த பஸ்தானுங்க. வந்து நின்னுச்சு.

அவன் ஏறலை.

"ஏறுப்பா"ன்னேன். படியையே பாக்கறான். எடது கைய நீட்டறான், கம்பிகிட்டப் போனதும் இழுத்துக்கறான். மறுக்கா நீட்டறான், இழுத்துக்கறான். வேர்த்துக் கொட்டுது.

"அக்கா, நிக்குதுங்களா?"

"நிக்குதப்பா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

நானும் பாத்தனுங்க. சக்கரத்தப் பாத்தேன். படியப் பாத்தேன். அத்தன பேரு ஏறிட்டு இருக்கறாங்க, நிக்காம என்ன? நிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே. அவன் மொகத்தப் பாத்துட்டு எனக்கு அந்த ஒத்த வார்த்தை மறுக்கா வெளிய வரலீங்க. கண்டக்டரு சத்தம் போட்டாரு, "ஏறுனா ஏறு, இல்லாட்டி நவுரு." பின்னாடி இருந்தவங்க தள்ளுனாங்க. நான் ஏறிட்டேன். திரும்பிப் பாக்கறேன், அவன் கீழ. விசில் அடிச்சுட்டாங்க. "நீங்க போங்க்கா, நீங்க சொன்னாச் செரியா இருக்கும்"னு அங்கிருந்தே கத்தறான். வண்டி நகந்ததுக்கப்புறந்தான் அவன் பின்னால ரெண்டு எட்டு வெச்சான். இப்ப ஓடுதுன்னு அவனுக்கு நிச்சயமாத் தெரிஞ்சுருச்சு பாருங்க.

போனு போட்டேன், எடுக்கலை.

பதினோரு மணிக்குப் பேரக் கூப்புடுவாங்க. ஆளு எங்கம்பாங்க. பஸ்ஸு நின்னுட்டு இருந்துச்சுங்க, அது நிக்குதான்னு தெரியாம அவன் கீழயே நின்னுட்டானுங்கன்னு நான் சொல்லோணும். சொல்லுவேன். நான் பொய் சொல்ற ஆளு இல்ல. ஏனுங்க, நீங்க நாலு எழுத்துப் படிச்சவங்களாத் தெரியறீங்க. அப்படிச் சொன்னா அத எழுதிக்குவாங்களாங்க?